கண்ணீருக்கும் சீழ்க்கைக்கும் நடுவே ஒரு சுவர்

டூரிங் டாக்கீஸ் என்று வழங்கி வந்த கீற்றுக் கொட்டகைகளில், மணல் பரப்பிய தரை டிக்கெட் பகுதியின் நடுவே, ஆண்களையும் பெண்களையும் பிரித்து ஒரு குட்டைச் சுவர் ஓடுவது வழக்கம். அந்தச் சுவருக்கு இப்பால் ஆண்பிள்ளைகளோடு அமர்ந்து படம் பார்த்த பிராயத்தில், கண்ணை மூடிக்கொண்டாலும் அரங்கின் ஓசையைக் கொண்டே திரையில் நிகழ்வது இன்னதென்று என்னால் சொல்லிவிட முடிந்தது. அப்பால் மூக்குறிஞ்சும் ஓசை எழுந்தால் திரையில் ஒரு தாயோ தங்கையோ துன்புறுகிறாள்; இப்பால் சீழ்க்கை கிளம்பினால் கதாநாயகன் சட்டைக் கையை மடித்துவிட்டான். இந்த ஒழுங்கு இயற்கையானது என்றே நெடுநாள் நம்பியிருந்தேன். பிறகு ஒரு நாள், பல ஆண்டுகளுக்கு முன் வெளிவந்து மீண்டும் எங்கள் ஊருக்கு வந்திருந்த ‘பாசமலர்’ படத்தின் இறுதிக் கட்டத்தில், சுவருக்கு இப்பாலும் பேச்சு மூச்சு அடங்கிற்று; என் அருகே அமர்ந்திருந்த வண்டிக்காரப் பெரியவர், தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை முழுவதும் மூடிக்கொண்டு, தோள்கள் குலுங்க அழுதார்.

அந்தத் துண்டுக்குள் மறைந்த முகத்தைப் பற்றி யோசித்துக்கொண்டே வந்ததன் விளைவுதான் இக்கட்டுரை. ஒளியும் நிழலுமான ஒரு பிம்பம், அது பொய் என்று நன்கறிந்த மனிதனுடைய சரீரத்தை எவ்வாறு பற்றிக்கொள்கிறது? அப்படிப் பற்றிக்கொள்ளும்போது பிறக்கும் கண்ணீரும் நடுக்கமும் கூச்சலும் இன்னின்ன பாலாருக்கு உரியவை என்ற பாகுபாடு எங்கிருந்து வந்தது? நம்மை அழவும் அஞ்சவும் வைப்பதற்காகத் திரையில் வதைபடும் உடல் பெரும்பாலும் பெண்ணுடலாகவே இருப்பது ஏன்? இந்த மூன்று வினாக்களும் ஒன்றோடொன்று பின்னியவை. கடந்த ஐம்பது ஆண்டுகளில் மேல்நாட்டுச் சினிமா ஆராய்ச்சியாளர்கள் இவற்றை மிகுந்த சிரத்தையோடு ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே நம்முடைய இலக்கணக்காரர்களும் உரையாசிரியர்களும் இந்தத் துறையில் கால் வைத்திருக்கிறார்கள்.

தொல்காப்பியர் இதற்கென்றே ஓர் இயல் வகுத்து, அதற்கு மெய்ப்பாட்டியல் என்று பெயரிட்டார். உள்ளத்து உணர்ச்சி மெய்யில் படுதல், அதாவது உடம்பில் புலப்படுதல், மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் பிறப்பதற்கு நான்கு நிலைக்களன்களையும் அவர் சொல்கிறார். உரையாசிரியர் இளம்பூரணர் இவ்விடத்தில் ‘செயிற்றியம்’ என்ற நாடக நூலை மேற்கோள் காட்டுகிறார். நமக்குக் கிட்டாமல் போன அந்நூலின் கருத்துப்படி, நடிப்பவன் செய்தது காண்பவனிடம் சென்று சேர்வதே மெய்ப்பாடு. மேடையில் நிற்பவனுடைய உடம்பிலிருந்து கொட்டகையில் இருப்பவனுடைய உடம்புக்கு ஏதோ ஒன்று கடந்து வருகிறது என்ற இந்தக் கருத்தைக் காட்டிலும் நம் வினாவுக்கு நெருக்கமானதொன்றை நான் வேறெங்கும் கண்டதில்லை. மற்றோர் உரையாசிரியரான பேராசிரியரோ இன்னும் நுட்பமாகப் படிகளைப் பிரிக்கிறார்: சுவைக்கப்படும் பொருள் ஒன்று, அதைப் பொறியால் உணர்தல் ஒன்று, அவ்வுணர்ச்சி மனத்தில் பட்டபோது நிகழும் குறிப்பு ஒன்று, அக்குறிப்பு முற்றி உடம்பில் கண்ணீராகவும் மயிர்க்கூச்சாகவும் வெளிப்படும் சத்துவம் ஒன்று. பரதருடைய நாட்டிய சாஸ்திரமும் ஸ்தம்பித்தல், வியர்த்தல், மயிர் சிலிர்த்தல், குரல் தழுதழுத்தல், நடுங்குதல், நிறம் மாறுதல், கண்ணீர் பெருகுதல், மூர்ச்சையாதல் என்று எட்டு சாத்துவிக பாவங்களை எண்ணி வைத்திருக்கிறது.

இவ்வரிசையில் உடம்பு கடைசியில் வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 1884-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தத்துவ ஞானி வில்லியம் ஜேம்ஸ் இந்த வரிசையையே தலைகீழாக்கினார். துக்கப்படுவதால் நாம் அழுகிறோம் என்று எண்ணுவது தவறு, அழுவதனால்தான் துக்கப்படுகிறோம் என்பது அவருடைய சித்தாந்தம். உடம்பில் நிகழும் மாறுதலை மனம் உணர்வதே உணர்ச்சி என்றார். பேராசிரியர், ஜேம்ஸ் இருவரில் எவர் சரி என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் இருண்ட அரங்கில் அமர்ந்து, பயப்படுவதற்கு ஒரு காரணமும் காணாத நிலையிலேயே, வெறும் வயலின் நாதத்துக்கே பிடரியில் மயிர் எழுந்து நிற்பதை உணர்ந்தவர்கள் ஜேம்ஸின் பக்கம் சிறிது சாய்வது இயல்பு. பேராசிரியரின் நான்கு படிகளில் நடுவிலுள்ள இரண்டையும் தாண்டிக் குதிக்கும் சக்தி சினிமாவுக்கு உண்டு. அதுதான் அதன் பலம், அதுதான் அதன் மேல் சுமத்தப்பட்ட பழியும்.

பழி பழையது. பிளேட்டோ தம்முடைய ‘குடியரசு’ நூலின் பத்தாம் புத்தகத்தில் கவிகளைத் தம் நகரிலிருந்து விலக்குவதற்குக் காட்டும் காரணங்களுள் முக்கியமானது, நாடகம் நம்மை அழப் பழக்குகிறது என்பது. நமக்கு நேரும் சொந்தத் துக்கத்தில் அடங்கி நிற்பதை ஆண்மை என்று பெருமைப்படுகிறோம், அரங்கில் பிறருடைய புலம்பலைக் கேட்டுக் கரைவதையோ பெண்மை என்று கருதியும் அதை ரசிக்கிறோம், இது முரண் அல்லவா என்று அவர் கேட்கிறார். அந்தச் சுவரை முதன்முதலில் எழுப்பியவர்களுள் அவரும் ஒருவர். அரிஸ்டாட்டில், இரக்கமும் அச்சமும் எழுந்து கழிவதே சோக நாடகத்தின் பயன் என்று சொல்லித் தம் குருவுக்கு மறுமொழி கூறினார் என்றாலும், உடம்பைத் தொடும் கலை தாழ்ந்தது, அறிவைத் தொடும் கலை உயர்ந்தது என்ற எண்ணம் அழியவில்லை. அழுகைப் படம், பேய்ப் படம் என்று நம் விமர்சகர்கள் உதட்டைச் சுழித்து ஒதுக்கும்போது பேசுவது அந்தப் பழைய குரல்தான். லூமியேர் சகோதரர்களுடைய ரயில் படத்தைக் கண்டு பாரிஸ் மக்கள் எழுந்து ஓடினார்கள் என்று நாம் எல்லாரும் படித்த கதையும் இதன் கிளை. அக்காலத்துச் சான்று எதுவும் அதற்கு உறுதியாக இல்லை என்று டாம் கன்னிங் முதலிய ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ரசிகனைச் சரீரம் மாத்திரமே உள்ள பேதையாகக் கற்பிப்பதில் படித்தவர்களுக்கு ஒரு திருப்தி இருந்ததனால் அந்தக் கதை நிலைத்தது என்பது என் அபிப்பிராயம்.

இந்த இழிவைத் துணிந்து ஆராய்ச்சிப் பொருளாக்கியவர் லிண்டா வில்லியம்ஸ். 1991-ஆம் ஆண்டில் ‘ஃபிலிம் குவார்ட்டர்லி’ என்ற பத்திரிகையில் அவர் எழுதிய கட்டுரை இத்துறையில் ஒரு திருப்புமுனை. காரல் குளோவர் என்பவர் உடல்வகைப் படங்கள் என்ற பொருளில் ஏற்கெனவே வழங்கிய ஒரு பெயரை எடுத்துக்கொண்டு, பீதிப் படம், காமப் படம் என்னும் இரண்டோடு கண்ணீர்ப் படத்தையும் மூன்றாவதாகச் சேர்த்தார் வில்லியம்ஸ். மேலோட்டமாகப் பார்க்கும்போது ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இம்மூன்றையும் அவர் ஒரே கயிற்றில் கோத்ததற்குக் காரணம் உண்டு. மூன்றிலும் ஓர் உடல் தன் வசம் இழந்து, ஒன்றில் வீறிட்டும், ஒன்றில் முனகியும், ஒன்றில் விம்மியும், சொல்லாக முடியாத ஓசையை எழுப்புகிறது. மூன்றிலும் பார்ப்பவனுடைய உடல் திரையிலுள்ள உடலைப் பின்பற்றித் தானும் நடுங்கியோ கிளர்ந்தோ அழுதோ போகிறது. மூன்றிலும் அப்படி வசமிழக்கும் உடல் பெண்ணுடையது.

அவருடைய கட்டுரையில் என்னை மிகவும் சிந்திக்க வைத்த பகுதி காலத்தைப் பற்றியது. ஒவ்வொரு வகைப் படமும் காலத்தோடு ஓர் உறவு பூண்டிருக்கிறது என்கிறார் அவர். பீதிப் படத்தில் ஆபத்து நாம் ஆயத்தமாவதற்கு முன்பே வந்துவிடுகிறது. காமப் படத்தின் கற்பனை உலகில் எல்லாம் வேண்டிய கணத்திலேயே நிகழ்கிறது. கண்ணீர்ப் படத்திலோ எல்லாமே காலங்கடந்து வருகின்றன. (இவற்றுள் நடுவில் சொன்னதைப் பற்றி நான் மேலும் எழுதப் போவதில்லை, அதை ஆராய வேறோர் இடமும் வேறொரு துணிவும் வேண்டும்.) காலங்கடத்தல் என்ற கருத்தை வில்லியம்ஸ் இத்தாலிய விமர்சகர் ஃபிராங்கோ மொரெட்டியிடமிருந்து வளர்த்தெடுத்தார். சிறுவர் இலக்கியத்தை ஆராய்ந்த மொரெட்டி, கதாபாத்திரம் ஒன்று உண்மையை உணரும் தருணமும், அவ்வுணர்வால் இனி எதையும் மீட்க முடியாது என்பது உறுதியாகும் தருணமும் ஒன்றாகச் சேரும் இடத்தில் வாசகனுக்குக் கண்ணீர் வருகிறது என்றார். இறந்தவனுடைய மடியில் மன்னிப்புக் கடிதத்தை வைப்பது போன்றது அது. கண்ணீர், நாம் கையாலாகாதவர்கள் என்று உடம்பு செய்யும் ஒப்புதல்.

கிங் விடோர் 1937-இல் எடுத்த ‘ஸ்டெல்லா டாலஸ்’ படத்தின் கடைசிக் காட்சி இதற்கு எல்லாரும் காட்டும் உதாரணம். ஏழைக் குடும்பத்தில் பிறந்து, நாகரிகமறியாத ஆடம்பரத்தால் மேல்தட்டாருடைய ஏளனத்துக்கு ஆளான தாய் ஸ்டெல்லா, தன் மகளுடைய நல்வாழ்வுக்குத் தானே இடையூறு என்று தெளிந்து, தன்னை அன்பில்லாதவள் போல் காட்டிக்கொண்டு மகளைத் தகப்பன் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறாள். மகளுக்குக் கலியாணம் நடக்கும் இரவில், அந்த மாளிகையின் சன்னலுக்கு வெளியே, வேலிக்கு அப்பால், மழையில் நனைந்தபடி ஊர்ச் சனங்களோடு ஒருத்தியாக நின்று பார்க்கிறாள். கலைந்து போகச் சொல்லும் போலீஸ்காரனிடம், மணமகன் முத்தமிடும்போது அந்தப் பெண்ணின் முகத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று கெஞ்சுகிறாள். பார்த்த பிறகு, பார்பரா ஸ்டான்விக் என்னும் மகாநடிகையின் முகத்தில் கண்ணீரும் ஒளியும் ஒருங்கே பரவ, கைக்குட்டையின் முனையைப் பல்லில் கவ்வியபடி, நம்மை நோக்கி நடந்து வருகிறாள்.

இந்தக் காட்சியை முன்னிட்டு 1980-களில் பெண்ணிய அறிஞர்களிடையே நிகழ்ந்த விவாதம் இப்போது படித்தாலும் சூடு ஆறாதது. பார்வையாளரான பெண்ணும் ஸ்டெல்லாவைப் போலவே சன்னலுக்கு வெளியே நிற்கக் கற்பிக்கப்படுகிறாள், தியாகமே தாய்மை என்ற பாடத்தை அழுதுகொண்டே ஏற்றுக்கொள்கிறாள் என்று ஆன் காப்லன் எழுதினார். வில்லியம்ஸ் அதற்கு 1984-இல் அளித்த மறுப்பில், அழும் பெண் அறிவை இழப்பதில்லை, தாயின் நியாயமும் மகளின் நியாயமும் தகப்பனின் நியாயமும் ஒருங்கே தெரிந்த அவள், எதுவும் ஒன்றோடொன்று பொருந்தாத உலகத்தைத் தன் கண்ணாலேயே காண்கிறாள் என்று வாதித்தார். இவ்விவாதத்தில் நான் வில்லியம்ஸ் பக்கம் நிற்கிறேன். சுவருக்கு அப்பால் மூக்குறிஞ்சிக்கொண்டிருந்த எங்கள் ஊர்ப் பெண்கள், மறுநாள் காலையில் குழாயடியில் குடம் நிறையும் வரை, மாமியார் செய்தது தவறா மருமகள் செய்தது தவறா என்று அலசியதைக் கேட்டவன் நான். கண்ணீரால் அவர்களுடைய புத்தி மழுங்கியதாக எனக்குத் தோன்றவில்லை.

அச்சத்தின் கதை வேறு. 1975-இல் ‘ஸ்கிரீன்’ பத்திரிகையில் லாரா மல்வி எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, ஹாலிவுட் படத்தின் பார்வை ஆணுடைய பார்வை, அதில் பெண் பார்க்கப்படும் பொருள் என்று நிறுவியது. அக்கட்டுரை வந்தபின், பீதிப் படம் பெண்வதையை ஆண் ரசிப்பதற்கான உபாயம் என்பது ஏறக்குறைய ஒப்புக்கொள்ளப்பட்ட முடிவாயிற்று. ஹிட்ச்காக் 1960-இல் எடுத்த ‘சைக்கோ’ படத்தின் குளியலறைக் கொலையைப் பார்த்தவர்கள் அதை மறுப்பது கடினம். முக்கால் நிமிட அளவே ஓடும் அக்கொலையைப் படமாக்க அவர் ஏழு நாள் செலவிட்டார். பெர்னார்ட் ஹெர்மன் தந்தி வாத்தியங்களை மட்டுமே கொண்டு அமைத்த இசை கத்திக்கு முன்பே நம் செவியில் பாய்கிறது. படம் தொடங்கிய பிறகு எவரையும் உள்ளே விடலாகாது என்று அரங்குகளுக்கு உத்தரவு போயிற்று. ரசிகரின் உடம்பை இப்படிக் காலம் குறித்து வரிசையில் நிறுத்திப் பழக்கிய செயலை வில்லியம்ஸ் பிற்காலத்தில் தனியே ஆராய்ந்தபோது, அப்படம் ஓடிய லண்டன் அரங்கு ஒன்றில் இருட்டில் எடுக்கப்பட்ட ரசிகர்களின் புகைப்படங்களை எடுத்துக் காட்டினார். அவற்றில் ஆண்களும் பெண்களும் ஒரே பயத்துக்கு ஆளானவர்கள்தாம். ஆனால் அப்பயத்தை எதிர்கொள்ளும் விதம் வேறு. பெண்கள் காதைப் பொத்தியும் முகத்தைத் திருப்பியும் பயத்தை மறைக்காமல் காட்டுகிறார்கள்; ஆண்கள் விறைத்து நின்று அதை அடக்கப் பார்க்கிறார்கள்.

அந்த விறைப்பின் ரகசியத்தை இருவகை ஆராய்ச்சி ஓரளவு அவிழ்த்திருக்கிறது. ஒன்று சோதனைச்சாலையில் நடந்தது. டால்ஃப் சில்மன் என்னும் உளநூலாரும் அவர் துணைவர்களும் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், இளைஞர்களையும் யுவதிகளையும் ஆணும் பெண்ணுமாக இணைத்து அமர்த்திப் பீதிப் படம் பார்க்கச் செய்தார்கள். துணையாக அமர்ந்தவர் முன்கூட்டியே சொல்லிவைத்தபடி அஞ்சுவதாகவோ அஞ்சாததாகவோ நடித்தார். அருகிலிருந்த பெண் நடுங்கியபோது இளைஞன் படத்தை மிகவும் ரசித்தான். அவள் கலங்காமல் இருந்தபோது அவனுடைய ரசனை குன்றிற்று. பெண்களோ கலங்காத ஆணின் அருகே இருந்தபோது கூடுதலாக ரசித்தார்கள். ஆக, பீதிப் படத்தின் இன்பத்தில் ஒரு பகுதி திரையில் இல்லை, பக்கத்து நாற்காலியில் இருக்கிறது. ஆணுக்குத் தைரியத்தை அப்பியாசம் செய்யவும் பெண்ணுக்கு நடுக்கத்தை அப்பியாசம் செய்யவும் ஒரு களரியாக அரங்கு பயன்படுகிறது.

மற்றொன்று காரல் குளோவர் 1987-இல் எழுதிய கட்டுரையும் 1992-இல் வெளிவந்த அவருடைய நூலும். ‘டெக்சஸ் செயின் சா மாசக்கர்’ (1974), ‘ஹாலோவீன்’ (1978) போன்ற தொடர்கொலைப் படங்களை, அவற்றின் அருவருப்பைப் பொறுத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பார்த்த அவர், எவரும் அதுவரை எடுத்துச் சொல்லாத ஒன்றைச் சொன்னார்: எல்லாரும் மாண்டபின் கடைசியில் தப்பி நிற்பவள், கொலைகாரனை எதிர்த்து ஆயுதம் ஏந்துபவள், ஒரு பெண். தொடக்கத்தில் கொலைகாரனுடைய கண்வழியே பார்க்கும் படம், முடிவில் அவளுடைய கண்வழியே பார்க்கிறது. அரங்கில் நிறைந்திருந்த இளைஞர்கள் அவளோடு ஒன்றி அஞ்சி, அவளோடு ஒன்றி வெல்கிறார்கள். அஞ்சி அலறுவது தனக்கு விலக்கப்பட்ட செயலாதலால், ஆண் ஒரு பெண்ணுடலை இரவல் வாங்கி அதற்குள் புகுந்து அஞ்சுகிறான் என்பது குளோவரின் முடிவு. பார்பரா கிரீட் என்பவர் 1993-இல் இதற்கு ஒரு திருத்தம் சொன்னார்: பெண் இப்படங்களில் இரை மட்டுமல்லள், பல படங்களில் அவளே அச்சுறுத்தும் பூதம், 1973-இல் வந்த ‘எக்சார்சிஸ்ட்’ படத்தில் அரங்கிலிருந்தவர்களைக் குமட்டவும் மயங்கவும் செய்தது பருவமெய்தும் வயதிலுள்ள ஒரு சிறுமியின் உடல் அன்றோ?

இவ்விடத்தில் தொல்காப்பியத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. அச்சம் பிறக்கும் நான்கு நிலைக்களன்களில் அவர் முதலில் வைப்பது அணங்கு. அதன் பின்னரே விலங்கும் கள்வரும் அரசரைப் போன்ற தலைவரும் வருகின்றனர். அணங்கு என்பது வருத்தும் தெய்வ ஆற்றல். நம் இலக்கியத்தில் அது பெரும்பாலும் பெண்ணுருவில் உறைவது. ஃபாசில் 1993-இல் மலையாளத்தில் எடுத்த ‘மணிச்சித்திரத்தாழ்’ படமும், அதன் கதையைத் தழுவி பி. வாசு 2005-இல் தமிழில் தந்த ‘சந்திரமுகி’யும் இந்த அணங்கின் கதையன்றி வேறல்ல. மலையாளப் படத்தில் அவள் தஞ்சாவூரிலிருந்து பிடித்துவரப்பட்ட நாட்டியக்காரி. காதலனிடமிருந்து பிரிக்கப்பட்டு, குடும்பத் தலைவரான காரணவரால் கொல்லப்பட்டவள். ஆகையால் அவளால் ஆட்கொள்ளப்பட்ட கதாநாயகி தமிழில் பேசி ஆடுகிறாள். அவ்வேடமேற்ற ஷோபனாவின் விழி உருண்டு நிலைக்கும் அந்தக் கணத்தில் அரங்கில் எழுந்த நடுக்கத்தை நான் அறிவேன். ஆனால் அந்த நடுக்கத்துக்குள் வேறொரு சுவையும் இருந்தது. அவள் கேட்கும் நியாயம் நியாயமானது என்று உள்ளுக்குள் அனைவருக்கும் தெரியும். அநியாயமாகக் கொல்லப்பட்டவள் திரும்பி வந்து கணக்குக் கேட்கிறாள். நாம் அஞ்சுவது நம் வீட்டு ஆண்கள் செய்த பாவத்துக்கு. இரு படங்களும், மனநோய் என்ற நவீன வியாக்கியானத்தைப் பூசி, ஒரு பொம்மையைப் பழிவாங்கச் செய்து அவளைச் சாந்தப்படுத்தி, நல்ல மனைவியாக வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றன என்பது என் மனத்தை உறுத்துகிறது. அணங்கு கேட்ட கேள்வி பதில் பெறாமலே போய்விட்டது.

அதே தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சத்தை மனிதர் அனைவருக்கும் பொதுவாக வைத்தவர், களவியலில் அச்சமும் நாணமும் மடனும் பெண்பாலுக்கு உரியன என்றும், பெருமையும் வலிமையும் ஆணுக்கு உரியன என்றும் பங்கிட்டுக் கொடுக்கிறார். உடம்பைக் கவனித்து எழுதும்போது பொதுவாகத் தெரிந்த ஒன்று, குடும்ப ஒழுக்கத்தை வகுத்து எழுதும்போது ஒரு பாலுக்கு உரியதாகிவிட்டது. ஒரே நூலுக்குள் அந்தக் குட்டைச் சுவர் எழும்புவதைக் கண்ணாரக் காணலாம்.

இனி, துண்டால் முகத்தை மூடிய வண்டிக்காரப் பெரியவரைப் பார்ப்போம். வில்லியம்ஸ் வகுத்த அட்டவணையில் அவருக்கு இடமில்லை. அவர் இரவல் உடல் எதையும் வாங்கவில்லை. திரையில் அழுதது ஓர் ஆண். 1961-இல் ஏ. பீம்சிங் இயக்கிய ‘பாசமலர்’ படத்தில், தங்கையைப் பிரிந்து, பார்வையும் இழந்த அண்ணன் ராஜசேகரனாக சிவாஜி கணேசன் நிற்க, ராதாவாக சாவித்திரி அவரிடம் ஓடி வந்து சேரும்போது காலம் கடந்துவிட்டிருக்கிறது. இருவரும் கைகோத்தபடியே உயிர் விடுகிறார்கள். மொரெட்டியின் சூத்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் அவருக்கும் கிடைத்திராது. ஆனால் நடுவில் நின்று வசமிழந்து விம்மும் உடல் ஆணுடையது. மேல்நாட்டார் பெண்களின் படம் என்று தனியே ஒதுக்கிய வகை, தமிழ்நாட்டில் 1950-களிலும் 60-களிலும் மிகப் பெரிய கதாநாயக நடிகருடைய சொந்த வகையாக இருந்தது.

இதற்குக் காரணம் தேடினால் நாடக மேடைக்குப் போக வேண்டும். நம் பாலர் நாடகக் குழுக்களில் பெண்கள் இல்லை. பிள்ளைகளே ஸ்திரீ பார்ட் ஏற்றார்கள். கணேசனும் பிள்ளைப் பிராயத்தில் அப்படிப்பட்ட ஒரு குழுவில் சேர்ந்து சீதை முதலிய வேஷங்களைக் கட்டியவர். புலம்பலின் தாளத்தையும், மூச்சு எங்கே அறுபட வேண்டும் என்பதையும், பெண் வேஷத்தில் கற்று, பிறகு மீசையோடு அதைத் திரைக்குக் கொண்டுவந்தார் என்று நான் கருதுகிறேன். இழவு வீட்டில் ஒப்பாரியும் மாரடித்தலும் பெண்களுடைய கலையாகி, ஆண்கள் வாசலில் பெஞ்சியில் வாய்மூடி உட்கார்ந்திருக்கும் ஒரு சமூகத்தில், அந்த வாய்மூடிகளுக்கு அழ ஓர் இடத்தைக் கொட்டகை கொடுத்தது. மிகை நடிப்பு என்று இதை எள்ளுவோர் அந்தக் கொடையின் மதிப்பை அறியாதவர்கள்.

எனினும் அதன் விலையையும் சொல்லியாக வேண்டும். ஆணின் கண்ணீர் எல்லாவற்றுக்கும் அனுமதிக்கப்படவில்லை. தங்கைக்காக, தாய்க்காக, குடும்ப மானத்துக்காக அழும் ஆண் மேன்மை பெறுகிறான். தோல்விக்காகவோ பயத்துக்காகவோ அழுபவனுக்கு அந்த மேன்மை இல்லை. அவன் அழ வேண்டுமானால் அதற்கு முன் ஒரு பெண் துன்புற வேண்டும். கணவனுக்கும் அண்ணனுக்கும் இடையே கிழிபட்ட ராதாவின் உயிரும் அந்த முடிவில் போகிறது. ஆனால் நாம் நினைவில் வைத்துக்கொண்டது அண்ணனுடைய அழுகையை.

மேல்நாட்டு அட்டவணையில் இடம்பெறாத மற்றோர் உடல் நிகழ்ச்சியும் நம் நாட்டில் உண்டு. 1975-இல் இந்தியில் வந்த ‘ஜெய் சந்தோஷி மா’ படத்துக்குச் சென்ற பெண்கள் அரங்கின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனதும், திரையை நோக்கிப் பூவும் காசும் எறிந்ததும் பிரசித்தம். தமிழில் அம்மன் படங்கள் ஓடிய ஊர்களில், உடுக்கையும் பம்பையும் ஒலிக்கும் கட்டத்தில், பெண்களுக்கு அருள் வந்து ஆடியதைக் கண்டவர்கள் நம்மில் பலர். வீட்டில் குரலுயர்த்தக் கூடாதவள் அங்கே முடி அவிழ்ந்து நடுங்கி ஆணையிடும் குரலில் பேசுகிறாள். சுவருக்கு இப்பாலுள்ள ஆண்கள் எழுந்து கைகூப்புகிறார்கள். அச்சமும் பக்தியும் கோபமும் அதிகாரமும் கலந்த இந்த நடுக்கத்தை இரையின் நடுக்கம் என்று சொல்ல முடியாது. பெண்ணுடல் வசமிழப்பதெல்லாம் அவளுடைய தோல்வி என்ற எண்ணத்துக்கு இது நேர் விரோதமான சாட்சி. நம் சினிமா ஆராய்ச்சியாளர்கள் இதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்பது என் ஆசை.

விஞ்ஞானிகள் இவ்விஷயத்தில் எதுவரை சென்றிருக்கிறார்கள் என்பதையும் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். 1990-களின் தொடக்கத்தில் இத்தாலியின் பார்மா நகரில் குரங்குகளின் மூளையில் கண்டறியப்பட்ட, தான் செய்யும்போதும் பிறர் செய்வதைக் காணும்போதும் ஒருசேரக் கிளரும் நரம்பணுக்களைக் கொண்டு, ரசிகனுடைய கண்ணீரை எளிதில் விளக்கிவிடலாம் என்று சிலர் உற்சாகப்பட்டார்கள். அவ்வளவு எளிதல்ல என்று எச்சரிப்பவர்களும் அதே துறையில் இருக்கிறார்கள். அழுகையை ஆராய்ந்தவர்கள் கண்டது இதைவிடச் சுவையானது. குழந்தைப் பருவத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் அழுவதில் பெரிய வேற்றுமை இல்லை. வளர வளரவே வேற்றுமை விரிகிறது. நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் 37 நாடுகளில் திரட்டி 2011-இல் வெளியிட்ட செய்தியின்படி, பெண்கள் துன்பம் மிகுந்து வாழும் நாடுகளைக் காட்டிலும், செல்வமும் சுதந்திரமும் மிகுந்த நாடுகளிலேயே பெண்கள் அதிகம் அழுவதாகச் சொல்கிறார்கள். அழுவதற்கும் ஒரு சுதந்திரம் வேண்டும் போலும்.

வில்லியம்ஸும் தம் கருத்தில் நின்றுவிடவில்லை. கண்ணீர்ப் படம் என்பது ஒரு தனி வகையே அல்ல, அமெரிக்கச் சினிமா முழுவதற்கும் அடிப்படையான ஒரு பாணி அது, சண்டைப் படமும் போர்ப் படமும் அதன் பிள்ளைகளே என்று 1998-இல் அவரே திருத்தி எழுதினார். அதை ஒப்புக்கொண்டால், இப்பால் எழுந்த சீழ்க்கையும் அப்பால் எழுந்த விம்மலும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். நல்லவர் துன்புறுவதைக் கண்டு உடம்பு கொதிக்கிறது. அக்கொதிப்புக்கு ஒருபுறம் கண்ணீரும் மறுபுறம் சீழ்க்கையும் வடிகால்கள்.

பெண்ணுடலுக்குத் திரையில் வேறு மெய்ப்பாடு எதுவும் வாய்க்கவில்லையா என்று தேடும்போதெல்லாம் என் மனம் கல்கியின் கதையை கே. சுப்பிரமணியம் 1939-இல் படமாக்கிய ‘தியாக பூமி’க்குப் போகிறது. எஸ். டி. சுப்புலட்சுமி நடித்த சாவித்திரி, முற்பகுதியில், கணவனால் கைவிடப்பட்டு, கைக்குழந்தையோடு அலையும் அபலை. அவளைப் பார்த்துக் கொட்டகைகள் அழுதிருக்கும். பிறகு செல்வம் வந்து உமாராணி என்ற பெயரில் அவள் வாழும்போது, தன்னோடு வந்து வாழ வேண்டுமென்று கணவன் வழக்குத் தொடுக்கிறான். நியாயஸ்தலத்தில் நின்று, அவனோடு போக மாட்டேன், வேண்டுமானால் நான் அவருக்கு ஜீவனாம்சம் தருகிறேன் என்கிறாள். பெருமிதம் பிறக்கும் நான்கு நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் சொன்னவை கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை. இவற்றுள் ஒன்றையும் மெய்ப்பாட்டியலில் அவர் ஆணுக்கென்று எழுதி வைக்கவில்லை. அந்தக் காட்சியைப் பின்னாளில் ஒருமுறை பார்க்க வாய்த்தபோது எனக்குக் கண்ணீரும் வரவில்லை, சீழ்க்கையடிக்கவும் தோன்றவில்லை. நாற்காலியில் சாய்ந்திருந்த என் முதுகு தானே நிமிர்ந்திருந்ததைச் சிறிது நேரம் கழித்துத்தான் கவனித்தேன்.